வயதா, தட்டா?

சென்னையில் குடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஆய்வகம் அது. ஆய்வாளர் முதலில் இரண்டு குப்பிகளைத் திறந்து முகரச் சொன்னார். ஒன்றில் வினிகர் நெடி, அசிடிக் அமிலம். மற்றொன்றில் கெட்டுப்போன வெண்ணெயின் சிக்கு வாடை, பியூட்டிரிக் அமிலம். "நாத்தம்னு ஒதுக்கிடாதீங்க. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்துதான் வருது" என்றார்.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து, அசிடிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. மூன்றும் ஏறத்தாழ 60:20:20 என்ற அளவில் இருக்கும்.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் மல மாதிரிகள் வரிசையாக இருந்தன. வெளியே வைத்தால் பாக்டீரியாக்கள் தம் வேலையைத் தொடரும், கணக்கு தவறிவிடும். ஒவ்வொரு டியூபிலும் எண், வயது, பாலினம். கூடவே, மாதிரி கொடுத்தவர் என்ன சாப்பிட்டார் என்ற படிவம்.

கரைத்து, அமிலம் சேர்த்து, ஈதரில் பிரித்தெடுத்த ஒரு துளியை கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் செலுத்தினார்கள். திரையில் முதலில் அசிடிக் எழுந்தது, பிறகு புரோப்பியோனிக். பியூட்டிரிக் வருமுன் ஒரு குட்டி முகடு. அது ஐசோபியூட்டிரிக், புரதம் நொதித்ததன் அடையாளம். நார்ச்சத்து கிடைக்காதபோது பாக்டீரியாக்கள் புரதத்தின் பக்கம் திரும்பும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்டேன். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்றார். உண்டான அமிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலே உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் அளப்பது மிச்சத்தை மட்டுமே. பெண்களுக்குக் குடல் நகர்வு சராசரியாகச் சற்று மெதுவானது. உணவு அதிக நேரம் தங்கினால் அதிகம் உறிஞ்சப்படும். மலத்தில் அளவு குறையும். அதை வைத்து உற்பத்தியே குறைவு என்று முடிவுகட்ட முடியாது.

வயதின் தடம் தெளிவாகத் தெரிவது குழந்தைப் பருவத்தில். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அசிடிக் அமிலமே மிகுதி. பியூட்டிரிக் மிகக் குறைவு. சோறும் பருப்பும் ஊட்டத் தொடங்கிய பிறகுதான் அது பெருகுகிறது. அங்கேயும் வயதோடு சேர்ந்து தட்டும் மாறுகிறது.

முதுமையிலும் அப்படியே. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் பலவகை உணவு உண்டு வாழ்ந்தவர்களின் குடலில் பியூட்டிரிக் உண்டாக்கும் திறன் கூடுதல். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில், நார்ச்சத்து குறைந்த உணவோடு இருந்தவர்களிடம் குறைவு.

2015இல் வந்த இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 20 கறுப்பினத்தவர், தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் 20 பேர். இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் அன்றாட நார்ச்சத்து 14 கிராமிலிருந்து 55 ஆனது, பியூட்டிரிக் 2.5 மடங்கு பெருகியது. ஆப்பிரிக்கர்களுக்கு 66 கிராம் 12 ஆகக் குறைந்தது, பியூட்டிரிக் பாதியானது. அந்த இரண்டு வாரத்தில் யாருடைய வயதும் பாலினமும் மாறவில்லை. மாறியது தட்டு மட்டும்தான்.

பல் போய்விட்டது, செரிக்காது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ரவைக் கஞ்சியும் ரொட்டியும் மட்டுமே கொடுத்துவிட்டு, குடல் கோளாறு வந்தால் வயதின் மேல் பழி போடுகிறோம். இது அநியாயம். குழைய வேகவைத்த கீரை, மசித்த பாசிப்பயறு, கேழ்வரகுக் கூழ் எதற்கும் பல் வேண்டாம். மருத்துவர் தடை சொல்லாதவரை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் போதிய அளவு கொடுங்கள். பெரியவர்களின் உணவைக் குழைத்துக் கொடுக்கலாம். அதிலிருந்து நார்ச்சத்தை எடுத்துவிடக் கூடாது.