கையெழுத்து வாங்காத துப்பாக்கிகள்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு இந்தோசீனா என்றால் சைகோன்தான். யாராவது ஒரு தாத்தா, ஒரு பெரியப்பா அங்கே சுங்க இலாகாவிலோ பட்டாளத்திலோ இருந்திருப்பார். அடுத்த தெருவில் ஒரு வியட்நாம்காரப் பாட்டி இருந்திருப்பார். அவர் கையால் சுருட்டிய நேம் தின்று வளர்ந்தவர்கள் இதைப் படிக்கும் உங்களிலும் இருப்பீர்கள். ஆனால் அதே இந்தோசீனாவில் லாவோஸ் என்று ஒரு நாடு இருந்ததே, அதைப் பற்றி நம்மூரில் பேசிக் கேட்டதுண்டா? நான் கேட்டது ஒரே ஒருவரிடம்தான். அவர் எங்கள் தெரு சொல்தா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லாவோஸ் அன்றைக்கு 30 லட்சம் பேர்கூட இல்லாத நாடு. மெக்கோங் ஆற்றங்கரைச் சமவெளியில் லாவோ மக்கள். மலைச் சரிவில் க்மூ முதலான பழங்குடிகள். மலை உச்சியில் ஹ்மோங் மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் சீனாவிலிருந்து இறங்கி வந்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களை 'மெயோ' என்றார்கள்; அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காது. மலைநெல், சோளம், அபின் செடி, இவைதான் பயிர். அந்த அபினை வாங்கி விற்கும் ஏகபோக உரிமை காலனி அரசிடம் இருந்தது. சுங்கமும் அபின், சாராயம், உப்பு ஏகபோகமும் ஒரே இலாகா. நம்மூர் தாத்தாக்கள் சிலர் உத்தியோகம் பார்த்ததும் அந்த இலாகாவில்தான்.

இனிமேல் சொல்லப்போவது என் போன்ற பழைய குமாஸ்தாவுக்கு மிகவும் புரிகிற விஷயம். வியட்நாம் எல்லையோரம் நொங் ஹெத் என்ற மலைப்பகுதி. அங்கே லோ என்றொரு குலம், லி என்றொரு குலம். லோ குலத் தலைவரின் பெண்ணை லி குலத்து மருமகன் கட்டினார். கணவனின் கொடுமை தாங்காமல் அந்தப் பெண் அபின் தின்று இறந்துபோனாள். பகை அங்கே தொடங்கியது. அவள் மகன் தூபி லிஃபூங் பிரெஞ்சு படித்தவர், ஹ்மோங் மக்களில் அப்படிப் படித்த முதல் சிலரில் ஒருவர். அவருடைய தாய்மாமன் ஃபாய்தாங். 1939-இல் வட்டாரத் தலைவர் பதவி காலியானபோது அது தமக்கு வரும் என்று மாமன் காத்திருந்தார். பிரெஞ்சு நிர்வாகம் மருமகனை நியமித்தது.

ஒரே ஒரு நியமன உத்தரவு. மருமகன் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றதால் மாமன் வியட்நாம் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார். அவருக்குப் பின்னால் அவர் குலமும், சுற்றியிருந்த ஊர்களும் போயின. வெளிநாட்டுக்காரன் பிரிவினையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதில்லை. வீட்டுக்குள்ளே ஏற்கெனவே விழுந்திருக்கிற விரிசலில் தன் ஆப்பை வைத்து அடிக்கிறான், அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் கழித்து அந்த மருமகன் புதிய அரசின் 'மறு கல்வி' முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். லாவோஸ் மன்னரும் அப்படியே ஒரு முகாமில்தான் முடிந்தார்.

1951 வாக்கில் பிரெஞ்சு ராணுவத்தின் ரகசியப் பிரிவு ஒன்று மலைவாசிகளுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பயிற்சி தந்தது. செலவுக்கு ஒதுக்கிய பணம் போதாததால் மலையில் அபினை வாங்கி, ராணுவ விமானத்திலேயே சைகோனுக்கு அனுப்பி விற்றார்கள். 1954 மே 7-இல் தியென் பியென் பூ விழுந்தது. அதைக் காப்பாற்ற மலை வழியே ஒரு ஹ்மோங் படை நடந்து வந்துகொண்டிருந்தது. நேரத்தில் போய்ச் சேரவில்லை. அதை நடத்திவந்த இளம் அதிகாரியின் பெயர் வாங் பாவ்.

இப்போது எங்கள் தெரு சொல்தா. அவருக்குப் பிரெஞ்சு பேச வரும், எழுத வராது. வருஷா வருஷம் 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சான்றிதழை அனுப்பினால்தான் பான்சியோன் வரும். அந்தக் காகிதங்களை நான் நிரப்பித் தருவேன். தன் படை எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒருநாள் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, லாவோஸில் ஆயுதக் கிடங்கில் இருந்த கதையைச் சொன்னார். "நம்ம ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தாக்கூட கையெழுத்து வாங்குவோம் தம்பி. அந்த மலைப் பசங்களுக்குத் துப்பாக்கி கொடுக்கறப்ப மட்டும் நோட்டைத் திறக்காதேன்னு உத்தரவு." நான் சிரித்துவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பினேன். அவர் சிரிக்கவில்லை. "கழுத்துல வெள்ளி வளையம் போட்டிருப்பானுங்க. நல்ல பசங்க" என்றார்.

பிரெஞ்சுக்காரர் போன இடத்துக்கு அமெரிக்கர் வந்தார்கள். 1961 ஜனவரியில் சி.ஐ.ஏ. அதிகாரி பில் லேர், அதே வாங் பாவைச் சந்தித்தார். வாங் பாவ் அப்போது அரசாங்க ராணுவத்தில் அதிகாரி. ஆயுதம் கொடுங்கள், சண்டை போடுகிறோம் என்றார். கொடுத்தார்கள். தாய்லாந்து போலீஸ்காரர்கள் வந்து பயிற்சி தந்தார்கள்.

மறுவருஷமே, 1962 ஜூலை 23-இல், பதினான்கு நாடுகள் ஜெனீவாவில் கூடி லாவோஸ் நடுநிலை நாடு என்று கையெழுத்திட்டன. அதில் இந்தியாவும் ஒன்று. கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமையே நம் நாடுதான். கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். அந்நியப் படைகள் எல்லாம் சோதனைச் சாவடி வழியாக, கணக்குக் கொடுத்து வெளியேற வேண்டும். அமெரிக்கர் 666 பேர் வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த வட வியட்நாம் வீரர்களில் சாவடியைத் தாண்டியவர்கள் 40 பேர்! பதிவேட்டில் நாற்பது என்று எழுதிக் கீழே கோடு போட்ட அந்த குமாஸ்தா யாரோ, அவன் மனநிலை எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ பதிவேடுகளில் கோடு போட்டிருக்கிறேன். வட வியட்நாமுக்கு லாவோஸ் வழியாகப் போகும் ஹோ சி மின் பாதை வேண்டும், அதை விடமாட்டார்கள். அது தெரிந்ததும் அமெரிக்கர் பின்வாசல் வழியாகத் திரும்பினார்கள். சோவியத் ஏற்கெனவே விமானத்தில் ஆயுதம் இறக்கியிருந்தது. சீனா வடக்கே சாலை போட்டது. எல்லாரும் கையெழுத்துப் போட்டவர்கள்!

மலைகளுக்கு நடுவே லோங் தியெங் என்ற பள்ளத்தாக்கில் ஓடுதளம் போட்டார்கள். பல்லாயிரம் பேர் அங்கே குடியேறினார்கள். வரைபடத்தில் அந்த ஊருக்குப் பெயர் கிடையாது. ஆண்கள் எல்லாம் படைக்குப் போய்விட்டதால் விதைக்க ஆளில்லை. அதனால் அமெரிக்க விமானங்கள் அரிசி மூட்டைகளை வானத்திலிருந்து போட்டன. சாக்குக்குள் சாக்கு வைத்துத் தைத்திருப்பார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். அரிசி வயலில் விளைவதென்றே தெரியாமல் வளர்ந்த குழந்தைகள் அங்கே உண்டு என்பார்கள். படையில் சுமார் 30,000 பேர் இருந்தார்கள். பெரியவர்கள் செத்துத் தீர்ந்த பிறகு பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். இதை எழுதும்போது என் பேரன் நினைவுக்கு வருகிறான். அவனுக்கு இப்போது பதினான்கு.

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து இருபது லட்சம் டன் குண்டு போட்டன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகளே 27 கோடி என்பது கணக்கு. பத்தில் மூன்று வெடிக்காமல் மண்ணில் தங்கின. சண்டை முடிந்த பிறகு அவற்றால் செத்தவர்களும் ஊனமானவர்களுமாக 20,000 பேருக்கு மேல். 2016-இல் ஒபாமா லாவோஸ் வந்து, குண்டு அகற்ற மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்.

1975 மே 14-ஆம் தேதி வாங் பாவை விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். ஓரிரு ஆயிரம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றவர்கள் ஓடுதளத்திலேயே நின்றார்கள். மெக்கோங்கை நீந்தியும் மூங்கில் கட்டிக்கொண்டும் தாய்லாந்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஆற்றோடு போனார்கள் என்பதற்கு எந்த நோட்டிலும் கணக்கில்லை. பிழைத்தவர்கள் மினசோட்டாவின் பனியிலும், கலிபோர்னியாவிலும், பிரான்சிலும் சிதறினார்கள். 1977-இல் பிரான்ஸ் சிலரைத் தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் காட்டில், கக்காவோ என்ற இடத்தில் குடியேற்றியது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். இன்று அந்தப் பிரதேசத்தில் விளையும் காய்கறியில் பெரும்பங்கு இவர்கள் கையால் விளைவது. உழைப்பாளிகள், சந்தேகமில்லை.

எங்கள் சொல்தா காலமான பிறகும் அவர் மனைவிக்குப் பாதிப் பான்சியோன் வந்தது. காரணம், பிரான்சிடம் அவர் பெயர் எண்ணோடு இருந்தது. நம்மை ஆண்டவர்களைப் பற்றி எனக்குப் பல குறைகள் உண்டு. ஆனால் நோட்டில் ஏறிய பெயரை அவர்கள் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹ்மோங் வீரன் நோட்டில் ஏறவே இல்லை. அந்தப் போரே 'நடக்காத' போர். நடக்காத போருக்கு ஏது பான்சியோன்?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அந்தப் படையில் இருந்த முதியவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுதாமலே குடியுரிமை பெற அது வழிவிட்டது. சேவை செய்ததற்கு ஆதாரம் வேண்டியிருந்தது. காகிதம் இல்லையென்றால் மேலதிகாரியோ, கூடச் சண்டை போட்டவர்களோ சத்தியக் கடிதம் எழுதித் தர வேண்டியிருந்தது. வாங் பாவ் 2011-இல் கலிபோர்னியாவில் இறந்தார். அவரை ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்யக் கேட்டார்கள்; மறுத்துவிட்டார்கள். 2018-இல் இன்னொரு சட்டம் வந்தது: ஹ்மோங் வீரர்களைத் தேசிய மயானங்களில் அடக்கலாம். ஆனால் அது வந்தபோது அந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. கஷ்டப்பட்டு ஆங்கிலம் படித்து, முன்கூட்டியே ஒழுங்காகத் தேர்வெழுதிக் குடிமகனானவர் அன்றைக்கு அந்தப் பட்டியலில் வரவில்லை. அந்தச் சட்டத்தை வரைந்தவர் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் வரைந்திருப்பார்.