பல்லி விழுந்த பலன்

பல்லி தலையில் விழுந்தால் கலகம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் காலை அது என் தலையிலேயே விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓடியும் போய்விட்டது. தலையைத் தடவினேன், கையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் வந்தது. அம்மா உடனே குளிக்கச் சொன்னாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தோஷம் தீரும் என்றும் சொன்னாள்.

"அம்மா, நான் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன். யாரோ எழுதி வைத்ததை ஆராயாமல் நம்பலாமா?" என்று சிரித்துவிட்டு, 1-ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்குப் புறப்பட்டேன்.

கலகம் மூன்றாவது பீரியடில் வந்து சேர்ந்தது.

வகுப்பில் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பல்லியின் பாதத்தில் சிறு கிண்ணங்கள் இருக்கின்றன, சுவரில் அழுத்தியதும் உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் பல்லியைத் தாங்குகிறது என்று விளக்கமும் கொடுத்தேன். காற்றழுத்தப் பாடத்துக்கு இதைப்போல் சௌகரியமான உதாரணம் கிடையாது. பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், துண்டு மாட்டுவதற்கு எங்கள் வீட்டில் ரப்பர்க் கிண்ணம் வைத்த கொக்கி வாங்கினார்கள். கண்ணாடியில் நிற்கிறது. வெள்ளையடித்த சுவரில் நிற்கவில்லை. பல்லி மட்டும் எப்படி நிற்கிறது?"

சொரசொரப்பான சுவரில் கிண்ணத்தின் ஓரமாகக் காற்று புகுந்துவிடும், பிடி நிற்காது. இது எனக்குத் தெரியாததல்ல. எப்படியோ பத்தொன்பது வருஷமாக இதைப் பல்லியோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர்களுக்குக் கடவுள் அருளிய வாக்கியம் அது. அம்மாவுக்குப் பஞ்சாங்கம், எனக்கு எந்தக் காலத்திலோ படித்த ஒரு கைடு. அதைத் தவிர என்னிடம் வேறென்ன ஆதாரம் இருந்தது?

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். டெல்லிட் என்ற ஜெர்மானியர் 1934-லேயே காற்றில்லாத இடத்தில் பல்லியின் பிடியைச் சோதித்து, இது உறிஞ்சும் வேலையல்ல என்று காட்டியிருக்கிறார். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தீர்ந்துபோன வழக்கு! கிண்ணமும் இல்லை, பசையும் இல்லை. பாதத்தில் இருப்பவை மயிர்கள். அஸ்ஸாம் பக்கம் காணப்படும் டோக்கே என்ற பெரிய பல்லிக்கு ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிந்து, தட்டையான சிறு கரண்டிகளாக முடிகிறது. ஒரு கரண்டியின் அகலம் மில்லிமீட்டரில் 5,000-த்தில் ஒரு பங்கு.

நம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தால் உண்மையில் சில மேடுகள்தாம் தொடுகின்றன. பல்லியின் மயிர் நுனிகளோ சுவரின் மேடு பள்ளமெல்லாம் புகுந்து நெருங்கிவிடுகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் எந்த இரு பொருளின் மூலக்கூறுகளுக்கும் இடையே ஓர் இலேசான கவர்ச்சி உண்டு. 1910-இல் நோபல் பரிசு பெற்ற வான் டெர் வால்ஸ் என்ற டச்சுக்காரரின் பெயரால் அதைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் ஆட்டம் என்பவரும் அவருடைய சகாக்களும் 2000-இல் ஒற்றை மயிரின் பிடியை அளந்தார்கள். ஓர் எறும்பைத் தாங்கும் அளவு இருந்தது. பல்லியைத் தாங்குவது இந்தக் கவர்ச்சிதான் என்பதற்கு 2002-இல் சான்று காட்டினார்கள். அப்போதுதான் இறந்த பல்லிக்கும் அதே பிடி இருப்பது 2014-இல் தெரியவந்தது.

ஆனால் என்னை அதிகமாக மயக்கியது பிடி அல்ல, விடுவது. நம்மவர்கள் உடும்புப் பிடி என்று சொல்கிறோமே, அது நகத்தாலும் பலத்தாலும் பிடிக்கும் பிடி. பல்லியோ மயிரைச் சுவரோடு சற்று இழுத்தால் ஒட்டும். சாய்வுக்கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் தானே விட்டுவிடும். விரலை நுனியிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்துவிடுகிறது. ஓடும்போது அடிக்கொரு தரம் ஒட்டி, அடிக்கொரு தரம் விட வேண்டுமே! நாலு எட்டில் மயிரில் ஒட்டிய தூசும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுமாம்.

இதைப் பார்த்துச் செய்த ஒட்டுப்பட்டைகள் பல. 2003-இல் மான்செஸ்டரில் கைம் என்பவர் செயற்கை மயிர்ப் பட்டை செய்தார். சில தடவை ஒட்டியதும் மயிர்கள் ஒன்றோடொன்று படிந்து போயின. 2012-இல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையார் மயிரே இல்லாமல், விறைப்பான துணியைக் கொண்டு, ஒரு சீட்டளவுப் பட்டையில் 700 ராத்தல் தாங்கச் செய்தார்கள். நம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மஜும்தார், கட்டக், சர்மா மூவரும் 2007-இல் வேறு வழியில் போனார்கள். மரத்தவளை, பூச்சி இவற்றின் பாதத்துக்குள் இருக்கும் நாளங்களைப் போல, ஒட்டும் படலத்தின் அடியில் நுண்ணிய கால்வாய்களை அமைத்து எண்ணெய் நிரப்பினார்கள். ஒட்டுந்திறன் சுமார் 30 மடங்கு வரை ஏறியது.

மறுநாள் வகுப்பில், "நேற்றுச் சொன்னது தப்பு, பத்தொன்பது வருஷமாகத் தப்பு" என்று ஆரம்பித்தேன். சொல்லும்போது நாக்கு உலர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பழைய மாணவர்களில் இருவர் இப்போது உபாத்தியாயர்கள். அவர்களுக்கு அன்று மாலையே எழுதினேன். ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஸார், போன வாரம்தான் கிண்ணத்தைப் படம் போட்டு நடத்தினேன்!"

அந்தப் பையன் விடவில்லை. "இவ்வளவு பிடி இருந்தால் உங்கள் தலையில் ஏன் விழுந்தது, ஸார்?"

வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே, ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. பல்லி தன் பிடியை விடவில்லை, சுவர்தான் விட்டிருக்கிறது. அம்மாவிடம் விஞ்ஞானம் முழுவதையும் உற்சாகமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வீட்டுக்கு வெள்ளையடி, வெள்ளையடி என்று மூன்று வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேனே, உன் காதில் விழுந்ததாடா?" என்று ஆரம்பித்தாள். இராத்திரி ஒன்பது மணி வரையில் ஓயவில்லை.