பிளாஸ்டிக் கட்டையும் வெயிலும்

இந்த செமஸ்டர் செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு, அமெரிக்காவில் 1990-களிலிருந்து தண்டவாளத்துக்கு அடியில் போட்டுவரும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள். பழைய ஷாம்பு பாட்டில் வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி, கண்ணாடி இழை சேர்த்துச் செய்கிறார்கள். மக்காது, கரையான் அரிக்காது, மரம் வெட்ட வேண்டாம். குறையே இல்லை என்று அடித்துவிட்டேன்.

"வெயிலில் என்ன ஆகும்?" என்றார் சார்.

"தண்டவாளத்துக்கு இடைவெளி விடுவார்கள் சார்."

"நான் கேட்டது கட்டையை."

முழித்தேன்.

அன்றிரவு ஹாஸ்டலில் கணக்குப் போட்டேன். அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1435 மி.மீ. 40 டிகிரி சூடு ஏறினால் அந்த நீளத்துக்கு எஃகு சுமார் 0.7 மி.மீ. நீளும். இழை சேர்க்காத பிளாஸ்டிக்கோ 5 மி.மீ.க்கு மேல்! கட்டை நீண்டால் அதில் பிணைத்த தண்டவாளங்களும் விலகும். இழை சேர்ப்பது பலத்துக்கு மட்டுமல்ல, இந்த நீட்சியை அடக்கவும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்று. கட்டையின் மேல்பக்கம் வெயிலில் காயும். ஜல்லியில் புதைந்த அடிப்பக்கம் அவ்வளவு சூடாகாது. மேல்பக்கம் அதிகமாக நீள, கட்டை நடுவில் மேடுதட்டி, தண்டவாளங்கள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். சூட்டில் பிளாஸ்டிக்கின் விறைப்பும் குறையும். கடுங்குளிரிலோ, துளை போடாமல் ஆணி அறைந்தால் விரிசல் விடலாம்.

பிளாஸ்டிக் கட்டை கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றதும் மற்ற கேள்விகளைக் கேட்க மறந்துவிட்டேன். மறுபடி பேச சாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இந்த முறை வெயிலிலிருந்தே ஆரம்பிப்பேன்.