எதற்காக வேண்டும்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் விடுதி கட்டும் பிள்ளைகள் பெரியவர்களிடம் யோசனை கேட்க வந்தால், முன்பெல்லாம் கிணறு, கூரை, வங்கிக் கடன் என்றுதான் பேசுவார்கள். இப்போது அந்தப் பட்டியலில் கைத்துப்பாக்கியும் சேர்ந்திருக்கிறது. "வீட்டுக் காவலுக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் பெரியப்பா. ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா?" என்கிறான் ஒருவன். விஜய்நகரில் கடற்கரையோரம் அவன் இடம். வாசல் வரை வெளியூர் ஆட்கள் நடமாட்டம், வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும், கல்லாவில் அன்றன்றைய வசூல். அவன் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. குடும்பம் வைத்திருக்கிறவனுக்குப் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பயம் பிடித்த வேகத்தில் ஒரு பொருளை வாங்கிவிடக் கூடாது. அவனுக்குச் சொன்னதையே மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் துப்பாக்கி வாங்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை, விண்ணப்பத்தில் தொடங்குகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஹேவ்லாக்காரர்கள் கப்பலேறி, இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில் டெபுடி கமிஷனர் அலுவலகப் படியேற வேண்டும். போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதற்கு மருத்துவச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கேட்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமமில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் குறைந்தது 2 ஆண்டு சிறை, 5 ஆண்டு வரை போகலாம். "தெரிந்தவன் ஒருவன் மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்து தருகிறான்" என்ற பேச்சு காதில் விழுந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: எதற்காக வேண்டும்? பலரும் 'தற்காப்புக்காக' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல் அதிகாரிக்குப் போதுமா, போதாதா என்பது அவர் பாடு. எழுதுகிறவனுக்கு அது போதக் கூடாது. யாரிடமிருந்து, எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாக என்று தனக்குத்தானே குறுக்கு விசாரணை செய்துகொள்ள வேண்டும். வாழ்க்கையில் மனிதன் எடுக்கிற மோசமான முடிவுகளில் பாதி, பெயர் வைக்காத பயத்திலிருந்து பிறப்பவை. பயத்துக்கு ஒரு பெயர் வைத்தால், அதற்கு மருந்து பல நேரம் வேறு எங்கோ இருப்பது தெரியும்.

திருடன்தான் பயம் என்றால், இந்தத் தீவை ஒரு முறை பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 6,351 பேர். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து 1950களில் காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் ஊரில் பெரும்பாலோர். நம் தமிழ்க் குடும்பங்கள் அவர்களுக்கு நடுவே கடை, கட்டட வேலை, ஓட்டல் என்று பிழைக்கின்றன. திருடியவன் ஜெட்டிக்குத்தான் வந்தாக வேண்டும். கப்பல் டிக்கெட்டில் பெயரும் எழுதியாக வேண்டும். திருட்டே இல்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். சுற்றுலா பெருகியபோது கைப்பையும் செல்போனும் காணாமல் போவதும் கூடவே வந்தது. அப்படித் திருடுகிறவன் வெளிச்சத்துக்கும் நாய்க்கும் அஞ்சுகிறவன். அவனுக்கு எதிரே ரிவால்வரைத் தூக்குவது, செல்போனுக்கு ஈடாக ஓர் உயிரை வைப்பதாகும்.

முதலைதான் பயம் என்று ஒருவர் சொன்னார். அதில் நியாயம் உண்டு. 2010இல் ராதாநகர்ப் பக்கம் கடலில் இறங்கிய வெளிநாட்டுப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி அது. அதைச் சுட உங்களுக்கு உரிமையில்லை. கைத்துப்பாக்கிக் குண்டு அதன் மண்டையில் என்ன செய்யும் என்பதும் சந்தேகம். எச்சரிக்கைப் பலகையைப் படிப்பதும், அந்தி சாய்ந்தபின் ஓடை முகத்துவாரத்தில் கால் வைக்காமல் இருப்பதும்தான் அங்கே காவல்.

ஆயுதம் பக்கத்தில் இருந்தால் ஆபத்து அண்டாது என்ற நம்பிக்கைக்கு இந்தத் தீவுகளின் சரித்திரமே பதில் சொல்கிறது. நம் ஊருக்கு இன்னும் பேச்சு வழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் ஜெனரல் ஹென்றி ஹேவ்லாக்கினுடையது. 1857 எழுச்சியை அடக்கப் பீரங்கிகளோடு போனவர், அதே ஆண்டு நவம்பரில் லக்னோவில் வயிற்றுக்கடுப்பில் செத்தார். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு மவுண்ட் ஹேரியட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சுற்றிலும் ஆயுதக் காவல். ஹோப்டவுன் ஜெட்டி இருட்டில் ஷேர் அலி அஃப்ரிதி பின்னாலிருந்து பாய்ந்து கத்தியால் குத்தினான். ஒரு சாம்ராஜ்யத்தின் துப்பாக்கிகளுக்கு நடுவே அவர் உயிர் போயிற்று. ஷேர் அலி வெளியிலிருந்து வந்தவன் அல்ல. நன்னடத்தை பார்த்து முடி திருத்தும் வேலை கொடுக்கப்பட்டிருந்த கைதி.

தமிழ்நாட்டில் நம் தலைமுறை மறக்க முடியாத நாள் 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில், தன் வீட்டுக்குள்ளேயே எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் சுவர் ஏறிக் குதித்த திருடர் இல்லை. எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்த எம்.ஆர். ராதா, முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். குண்டு காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள் என்றாலும், ஒருவர் சிறைக்குப் போனார், இன்னொருவரின் குரல் கடைசிவரை பழையபடி திரும்பவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரம் யாருக்குத்தான் வராது? கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், புத்தி திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

இன்னொரு பயமும் உண்டு. அதை யாரும் விண்ணப்பத்தில் எழுத மாட்டார்கள், திண்ணையிலும் பேச மாட்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு எத்தனை தற்கொலை என்று பார்த்தால் நாட்டின் சராசரி 12.4. அந்தமான் நிக்கோபாரில் 42.8. அந்த ஆண்டு சிக்கிமுக்கு அடுத்து நாம்தான். அழகான கடலைப் பார்க்க ஊர் உலகம் கப்பலேறி வருகிற இடத்தில், நம் வீடுகளுக்குள் இருக்கும் துயரம் இது. கடன், குடி, மழைக்காலத் தனிமை, மெயின்லேண்டில் விட்டுவந்த உறவு என்று ஆளுக்கொரு காரணம். 2020இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்று, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்களுக்கு, இல்லாதவர்களைவிடத் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு எட்டு மடங்கு என்றும், பெண்களிடம் அது 35 மடங்கு என்றும் கண்டது. அமெரிக்க வாழ்க்கை வேறு, நம் வாழ்க்கை வேறு. ஆனால் விரக்தி அலைபோல எழுந்து அடங்குவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். அந்தச் சில நிமிடங்களில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் தங்குகின்றன, போகின்றன. வீட்டில் யாராவது சோர்ந்து, பேச்சுக் குறைந்து இருந்தால் துப்பாக்கி யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரோடு உட்காருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கிறது. காவல் தேவைப்படுகிற ஆள் சில வீடுகளில் அவர்தான்.

இத்தனையும் கேட்டபிறகும், உண்மையான மிரட்டல் இருக்கிறது, தனித்த இடம், துணைக்கு ஆளில்லை என்று ஒருவன் சொன்னால், ரிவால்வரா பிஸ்டலா என்ற அந்த முதல் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. ரகம் பொதுமக்களுக்குக் கிடையாது. கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 அல்லது .22தான். கான்பூர், இச்சாபூர் தொழிற்சாலைகளில் செய்தவை கிடைக்கின்றன. 2014இல் பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வர் வந்தது. எடை அரைக் கிலோ அளவு, அப்போதைய விலை ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். இந்தப் பணம் எந்தப் பெண்ணிடம் இருக்கிறது, பேருந்தில் அதை எப்படிப் பாதுகாப்பாள் என்று அப்போதே பெண்கள் கேட்டார்கள்.

ரிவால்வரில் குண்டு உருளையில் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலில் குண்டு இன்னும் அதிகம் கொள்ளும், வேகமாகவும் நிரப்பலாம். ஆனால் மேகசீனைக் கழற்றியபின்னும் குழலுக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கக்கூடும். காலி என்று நினைத்து விசையை இழுத்த விபத்துகள் உலகெங்கும் அந்த ஒரு குண்டால் நடந்தவை. புதிதாகப் பழகுகிறவனுக்கு ரிவால்வர் மேல் என்று சொல்வது இதனால்தான். ஆனால் இரண்டுக்கும் குழல் குட்டை. கை நூலிழை நடுங்கினால் குண்டு முழக்கணக்கில் விலகும். தூக்கக் கலக்கம், இருட்டு, படபடப்பு மூன்றும் சேர்ந்தால் நடுங்காத கை எது? நம் வீடுகள் பலகையும் தகரமும் மூங்கில் தட்டியுமாக இருப்பவை. தவறிய குண்டு சுவரில் நிற்காது, பக்கத்து வீட்டுத் தொட்டில் வரை போகும். உப்புக் காற்றும், ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழையும் இரும்பை என்ன செய்யும் என்பதைத் தீவில் சைக்கிள் வைத்திருப்பவனிடம் கேட்டாலே போதும். எண்ணெய் போட்டுத் துடைக்கச் சோம்பல்படுகிறவன் துப்பாக்கிக்கு ஆசைப்படக் கூடாது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் உங்கள் காவல் என்ன என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு நிதானம் இருந்திருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள நீளத் துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்கும் குடிமகனிடம் அவர்கள் தாராளமாக நடந்துகொண்டார்கள். கைத்துப்பாக்கி கேட்டால் தகுந்த காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்தச் சொன்னார்கள். நீளத் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சாராயக் கடைக்குப் போக முடியாது. தலையணைக்கடியில் மறைக்கவும் முடியாது. வீட்டில் அது எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். மறைக்க முடியாததே அதன் நல்ல குணம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அதைக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் குண்டு ஒரு பூட்டில், துப்பாக்கி ஒரு பூட்டில், சாவி உங்களிடம். தற்காப்பின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அந்த உரிமையைத் தருகிறது. உயிருக்கோ பெரும் காயத்துக்கோ அஞ்ச நியாயமிருந்தால் எதிராளியின் உயிர் போகும் வரைகூட அது செல்லும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவி பெற நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. தப்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று கோர்ட்டில் நிற்பது கடினம்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன வரிசை இது. தீவில் கரண்ட் போகும் என்பதால், வீட்டைச் சுற்றி ஆள் நடமாடினால் தானே எரியும் சோலார் விளக்கு போடு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் மாற்று. கல்லாப் பணத்தை ராத்திரி வீட்டில் வைக்காதே. முடிந்தவரை யு.பி.ஐ.யில் வாங்கு, கைக்கு வந்த பணம் அன்றே வங்கிக்குப் போகட்டும். ஒரு நாய் வளர். இரண்டு பக்கத்து வங்காளிக் குடும்பங்களோடும் சாப்பாடு கொடுத்து வாங்கும் அளவுக்குப் பழகு. ராத்திரி நீ குரல் கொடுத்தால் முதலில் ஓடி வருவது அவர்கள்தான். 112 என்ற அவசர உதவி எண்ணைக் குழந்தை பேசத் தொடங்கியதும் சொல்லிக்கொடு. இத்தனையும் செய்து ஒரு மழைக்காலம் கழித்துப் பார். அப்போதும் பயம் மிச்சமிருந்தால், அதற்கு என்ன பெயர் என்று உனக்கே தெரிந்திருக்கும். அந்தப் பெயரோடு டெபுடி கமிஷனர் அலுவலகத்துக்குப் போ.

போவதற்கு முன் மனைவியிடம் கேள். அம்மாவிடம் கேள். ஒரே கூரைக்குக் கீழே படுக்கப் போகிறவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வாங்காதே. ஏன் வேண்டாம் என்கிறார் என்பதைக் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொள். வீட்டுக்குள் யார் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். அதைச் சரி செய்கிறவன்தான் வீட்டைக் காக்கிறவன்.