பதினான்கு இருக்கை வான்

காலை ஏழு மணிக்கு எங்கள் பாடசாலை வாசலில் வந்து நிற்கும் வானிலிருந்து இறங்கும் பிள்ளைகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொருவர். வானின் இருக்கைகள் பதினான்கு. பின்கதவு பூட்டுப் பிடிக்காமல் நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இந்த வான்தான் புங்குடுதீவுப் பக்கத்திலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து, இருபுறமும் கடல் கிடக்க, வேலணைக்கு வருகிறது.

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் குறிகட்டுவானிலிருந்து வரும் பஸ், வள்ளம் வந்தால்தான் புறப்படும். நெடுந்தீவுக் கடல் கொந்தளித்தால் இங்கே முதலாம் பாடவேளை போய்விடும். நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்தில் பஸ் நிறையப் பக்தர்கள், பிள்ளைகள் மிதிபலகையில். 2005ஆம் ஆண்டு மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட சிசு செரிய போன்ற சேவையெல்லாம் எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்து பிள்ளையை ஏற்றுவதில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது ஓடிக்கொண்டிருந்த மூன்று வான்களில் இரண்டு நின்றன. மீண்டும் ஓடவில்லை. மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

நான் எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் கிண்ணியா. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். பாலம் கட்டி முடியவில்லை என்பதற்காக ஓடிய படகு அது. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து வாணர் பாலத்தில் வான் திரும்பும் போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இன்றுவரை திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு வருகிறது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சாரதி கைத்தொலைபேசியில் பேசுவதையும் குற்றமாக்கியது. இந்தியாவிலோ உச்ச நீதிமன்றம் 1997இலேயே பாடசாலை பஸ் ஓட்டுபவருக்குக் கனரக வாகனத்தில் ஐந்து வருட அனுபவமாவது வேண்டும் என்றது. அப்படியிருந்தும் 2012 ஜூலையில் சென்னைத் தாம்பரம் பக்கத்தில் பஸ்ஸின் அடித்தட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாடு பாடசாலை பஸ்களுக்குத் தனி விதிகளை எழுதியது. விதிகள் எப்போதும் ஒரு பிள்ளைக்குப் பின்னால்தான் வருகின்றன.

நானும் எழுதினேன். ஆனால் கையொப்பம் இடவில்லை. ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் படித்து, பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நான், ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். வான்கார அண்ணையை நேரே பார்க்கத் துணிவில்லை. என் மகனும் அதே வானில்தான் வருகிறான்.

அடுத்த கிழமையே வானை மறித்தார்கள். தண்டம் கட்டினார். மறுநாளிலிருந்து பதினான்கு பேர் மட்டும். முழுக் காசு கட்டுபவர்கள் உள்ளே. என் மகன் உள்ளே. அரைக்காசுப் பிள்ளைகளும் காசே கொடுக்காத பிள்ளைகளும் ரோட்டில். சிலர் சைக்கிளில் வந்தார்கள், சிலர் பிந்தி பஸ்ஸில் வந்தார்கள். தரம் பத்தில் படித்த ஒரு பிள்ளை வரவே இல்லை. தகப்பன் இல்லாத வீடு. பத்தாம் நாள் தேடிப் போனேன்.

"சட்டம் சரிதான் சேர்," என்றார் தாய். "பிள்ளை எதில வாறது?"

நான் வாசலில் நின்றபடியே திரும்பி வந்தேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதியாகப் படித்த காலத்தில், உப்பு ஏற்றும் லொறியின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டுதான் பாடசாலைக்குப் போனேன். அந்த லொறிக்காரரை யாராவது பிடித்துக் கொடுத்திருந்தால் நான் இன்று ஆசிரியர் இல்லை. அது அவர் செய்ததைச் சரியாக்காது. ஆனால் நினைவு வந்துவிட்டது.

அன்று பின்னேரம் வான்கார அண்ணையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், என்னட்டை வந்து சொல்லியிருக்கலாமே. ரெண்டு நடை ஓடச் சொல்லுங்கோ, ஓடுறன். டீசலுக்கு ஆர் காசு தாறது?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. பெற்றோர் கூட்டம் இரண்டு முறை கூடியது. முதல் கூட்டம் சண்டையில் கலைந்தது. மறு கூட்டத்தில் முழுக் காசுக்காரர்கள் கொஞ்சம் கூடக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் அல்ல. குறைந்ததில் ஒரு பங்கை நான் கொடுக்கிறேன். அது தண்டமா தருமமா என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். முதல் நடை ஆறேகாலுக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகள் தனியே இருக்கக் கூடாதென்பதால் வாசற்கதவைத் திறப்பது என் வேலையாயிற்று. தரம் பத்துப் பிள்ளை திரும்பி வந்தாள். அதற்குள் தவணைப் பரீட்சை முடிந்திருந்தது.

இப்போதும் எண்ணுகிறேன். நேற்று முதல் நடையில் பதினைந்து பேர் இறங்கினார்கள். பதினைந்தாவது, முதலாம் தரத்துக் குழந்தை, அக்காவின் மடியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கியது. அண்ணை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு வகுப்பறை திறக்கப் போனேன்.