பெயரில்லா மடல்

சென்ற ஆண்டு இந்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இணையப் பாதுகாப்பு மேலாண்மை என்னும் முதுநிலைப் பாடத்தை 12 மாணாக்கர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பருவ முடிவில் மாணாக்கர் தம் பெயரைக் குறிப்பிடாமல் ஆசிரியரைப் பற்றிய கருத்தை எழுதித் தருவது இங்கு வழக்கம். பதினொருவர் பாராட்டியிருந்தனர். ஒருவர் மட்டும் இவ்வாறு எழுதியிருந்தார்: “சட்டங்களையும் தர விதிகளையும் ஒப்புவிக்கக் கற்றோம். நிறுவனம் தாக்கப்பட்ட நள்ளிரவில் முதலில் எவரை எழுப்புவது, எந்தக் கணினியைத் தனியே பிரிப்பது என்று ஒருநாளும் பழகவில்லை. ஐயம் கேட்டால் ஆசிரியர் முகம் சுளிக்கிறார்.”

பெயர் இல்லாவிடினும் நடை காட்டிக் கொடுத்துவிட்டது. எழுதியவர் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வேலைக்காக என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தவர். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அக்கடிதத்தை எழுதாமல் மூன்று வாரம் கடத்தினேன். உண்மைக் காரணம் வேறு என்பதை என் நெஞ்சு அறியும்.

நிற்க. விடுமுறையில் தாயகம் சென்றபோது, மனைவியின் நேர்த்திக்கடனை நிறைவேற்றத் திருப்பதிக்குப் போயிருந்தோம். மலையடிவாரமான அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் நடந்தே ஏறுவது என்பது அவள் வேண்டுதல். நடந்து செல்வோர் தம் மூட்டைகளை அங்கே ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொண்டால், திருமலையில் அவற்றைத் திரும்பப் பெறலாம். எங்கள் முறை வந்ததும், பையை வாங்கிய ஊழியர், “சாமி, பை திறந்திருக்கிறது, பாருங்கள்!” என்று தெலுங்கு கலந்த தமிழில் உரக்கக் கூறினார். வரிசையில் நின்றோர் அனைவரும் திரும்பி நோக்கினர். பாதுகாப்பைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவனுக்கு இத்தனை பேர் முன்னிலையில் இப்படி ஓர் அறிவுரையா என்று முதலில் சினமே எழுந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் இருவர் கடவுச்சீட்டுகளும் பையின் வாயிலேயே கிடந்தன! அவற்றை எடுத்து மடியில் பத்திரப்படுத்திய பின்னரே அம்மனிதருக்கு நன்றி கூற நா எழுந்தது.

படியேறுகையில் அந்தச் சினத்தைப் பற்றியே எண்ணினேன். இந்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, கணினித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் அதனை அறிவித்தல் வேண்டும். இதனை வகுப்பில் எத்துணை முறை விளக்கியிருப்பேன்! அந்த 6 மணி நேரமும், “தவறான கடிதத்தைத் திறந்துவிட்டேன்” என்று அஞ்சாமல் வந்து சொல்லும் கடைநிலை ஊழியரைப் பொறுத்ததே என்றும் சொல்லியிருக்கிறேன். சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில் அடுத்தவர் வாய் திறவார். கேடு மறைந்தே வளரும். இப்படிக் கற்பித்த நான், என் வகுப்பின் குறையைச் சொன்னவர் எவர் என்றல்லவா துப்புத் துலக்கினேன்!

ஆசிரியரை எடை போடுவது மேல்நாட்டார் புதிதாய்க் கண்ட வழக்கமும் அன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு மட்டுமன்றி, ஆசிரியராகத் தகாதவருக்கும் உவமை கூறியுள்ளார். கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. பனையில் பழம் உண்டு. ஆயினும் மடலின் கருக்குக்கு அஞ்சி எவரும் அணுகார். தானே உதிர்த்தாலன்றிப் பயன் இல்லை. ஐயம் கேட்டவரிடம் முகம் சுளித்த நான் மடற்பனையே என்பது மூச்சு வாங்க நின்ற ஒரு படியில் எனக்குப் புலனாயிற்று.

அன்றிரவே திருமலை விடுதியில் அமர்ந்து பரிந்துரைக் கடிதத்தை எழுதி அனுப்பினேன். அப்பிள்ளையின் தகுதிக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. இப்பருவத்தில் என் முதல் வகுப்பே நள்ளிரவுத் தாக்குதலை எதிர்கொள்ளும் பயிற்சிதான். மதிப்பெண்களும் பரிந்துரைக் கடிதங்களும் முடிந்த பின்னரே கருத்துத் தாள்களை என்னிடம் தரும்படி கல்லூரியிலும் கேட்டுக்கொண்டேன்.

அப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என அறிந்தேன். ஆனால் நேரில் நன்றி சொல்ல இயலவில்லை. சொன்னால், எழுதியவர் எவரென எனக்குத் தெரியும் என்பதும் வெளிப்பட்டுவிடுமே! அந்தக் கடன் மட்டும் இன்னும் தீராமலே இருக்கிறது.