சின்னக்கா அனுப்பிய வேர்

2023ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து சின்னக்காவின் பார்சல் வந்தது. பிள்ளைகளுக்கு உடுப்பு, சொக்லேட், அம்மாவின் முழங்கால் நோவுக்குப் பூசுமருந்து. எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கென்று ஒரு போத்தல். அதன் லேபிளில் ஒரு வேரின் படம். இரண்டு கை, இரண்டு கால் உள்ள ஒரு மனிதரைப் போல அந்த வேர் இருந்தது. ஜின்செங் குளிசை.

"நீதானே மறதி கூடிப்போச்சு, ஒண்டிலயும் மனம் ஒட்டுதில்லை எண்டு சொன்னனீ. இஞ்ச வேலைக்குப் போற சனம் கனபேர் இதைக் குடிக்குதுகள். விடாமல் குடி" என்று போனில் சொன்னா.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பத் தலைமை தாங்கும் பெண்களை வீடு வீடாகச் சென்று சந்திப்பது என் வேலை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாயின் மூத்த பிள்ளையின் பெயர் எனக்கு மறந்து போகும். காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பிள்ளையின் பெயரைத் தாயிடம் இரண்டாம் தரம் கேட்பது எப்படிப்பட்டது என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அந்த முகங்களைப் பார்த்து வீட்டுக்கு வந்து நான் அழுத நாட்கள் உண்டு.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிக்கத் தொடங்கினேன். முதல் வாரம் தலைக்குள் விளக்கேற்றியது போல இருந்தது. தேங்கிக் கிடந்த அறிக்கைகளை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். இரண்டாம் வாரம் நித்திரை போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு ஓட்டில் பூனை நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த முதல் வார வெளிச்சம் வேர் செய்த வேலையா, சின்னக்காவின் அன்பு செய்த வேலையா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் சந்திக்கும் பெண்களில் ஒருவரை இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். 2009இல் கணவரைத் தவறவிட்டவர். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்குக்குப் போய் இரவில் குடிக்கும் ஒரு குளிசையை எடுத்து வருவார். என் பைக்குள் இருந்த போத்தலை அவர்தான் கண்டார். "மறதிக்கு நல்லதோ தங்கச்சி?" என்று கேட்டார். எனக்குத்தான் நித்திரை வரவில்லையே, வீணாகப் போகாமல் இவருக்காவது உதவட்டும் என்று போத்தலோடு கொடுத்துவிட்டேன். "காலமையில மட்டும் குடியுங்கோ" என்றேன். எனக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்றை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கிறோமே என்று அந்த நேரம் தோன்றவில்லை. அவர் வேறு மருந்து குடிப்பவர் என்பது தெரிந்தும் தோன்றவில்லை.

அடுத்த முறை போக ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. காலை பத்து மணிக்கும் கோழிக்கூடு திறபடாமல் இருந்தது. "அம்மா இரவிரவா முத்தத்தில நடக்கிறா அக்கா" என்று மகள் சொன்னாள். உள்ளே சுவரோடு சாய்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார். கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டாராம்.

"நீங்கள் தந்தது இருக்குத்தானே. அதுவும் தலைக்குத்தானே குடிக்கிறது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கிளினிக் வாங்கில இருந்தா ஊர்ச்சனம் பாக்குது தங்கச்சி. இதைக் குடிக்கேக்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பக்கத்து வீட்டு மனிசி தனக்கும் ரெண்டு தரச்சொல்லிக் கேட்டவ."

சமூகவியல் படித்தபோது ஏர்விங் கொஃப்மன் 1963இல் எழுதிய களங்கம் பற்றிய நூலைப் பற்றி விடைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆஸ்பத்திரிக் கடதாசி உறைக்குள் இருக்கும் குளிசைக்குக் களங்கம் உண்டு, வெளிநாட்டுப் போத்தலில் இருக்கும் குளிசைக்கு அது இல்லை என்பதை அந்தத் திண்ணையில்தான் விளங்கிக்கொண்டேன்.

அன்றிரவு, கொடுப்பதற்கு முன்னர் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஜின்செங் பற்றித் தேடி வாசித்தேன்.

கொரியாவிலும் சீனாவின் வடகிழக்கிலும் விளையும் ஒரு சிறு செடியின் வேர் இது. சீனப் பெயரிலேயே மனிதர் என்ற சொல் இருக்கிறது. கைகால் போன்ற உருவம்தான் காரணம். தாவரவியலில் இதற்கு வைத்த பனாக்ஸ் என்ற பெயர், எல்லா நோயையும் தீர்ப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே விளம்பரம். பச்சையாகக் காய வைத்தால் வெள்ளை ஜின்செங், அவித்துக் காய வைத்தால் சிவப்பு. கொரியாவுக்கு வேலைக்குப் போய்வரும் எங்கள் பொடியள் கொண்டுவருவது பெரும்பாலும் சிவப்பு. கனடாவின் ஒன்ராறியோவில் பயிரிடுவது அமெரிக்க ஜின்செங் என்ற இன்னொரு இனம். சீன வைத்தியத்தில் கொரிய வேரைச் சூடு என்றும் அமெரிக்க வேரைக் குளிர்ச்சி என்றும் சொல்கிறார்கள். எங்கள் அம்மாமார் கத்தரிக்காயைப் பற்றியும் இப்படித்தானே பேசுகிறார்கள்!

சிந்தனைக்கும் மனநிலைக்கும் இது என்ன செய்கிறது? 2001இல் இங்கிலாந்தில் இளம் வயதினர் இருபது பேருக்கு ஒரு வேளைக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 400 மில்லிகிராம் குடித்தபோது சில மணி நேரத்துக்கு ஞாபகசக்திச் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். 200 மில்லிகிராமிலும் 600 மில்லிகிராமிலும் கவனம் செலுத்தும் வேகம் குறைந்தது. கூடக் குடித்தால் கூட நன்மை என்ற கணக்கு இதில் சரிவரவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில் நல்ல சுகமுள்ள இளம் வயதினர் 83 பேர் எட்டு வாரம் ஈடுபட்டார்கள். உண்மைக் குளிசை குடித்தவர்களின் மனநிலைக்கும், மருந்தில்லாத வெறும் குளிசை குடித்தவர்களின் மனநிலைக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. மாதவிடாய் நின்ற 384 பெண்களிடம் 16 வாரம் செய்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் உடம்புச் சூடு குறையவில்லை. ஆனால் மனச்சோர்வு, பொதுநலம் பற்றிய சில கேள்விகளுக்கு ஜின்செங் குடித்த பெண்கள் சற்று நல்ல விடை கொடுத்தார்கள். இப்படிப்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு ஒன்று, சுகமுள்ளவர்களின் சிந்தனைத் திறனை இது கூட்டுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2010இல் சொன்னது.

ஆகவே வேரில் ஒன்றுமேயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிறிதாக ஏதோ இருக்கலாம். ஆனால் அந்தச் சிறிதை நம்பித்தான் அக்கா தன் மருந்தை விட்டார்.

தீமைகள் பற்றியும் வாசித்தேன். நித்திரையின்மை, தலையிடி, படபடப்பு. சீனி வருத்தத்துக்கு மருந்து குடிப்பவர்களுக்குச் சீனி மேலும் இறங்கக்கூடும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வோபரின் மருந்தின் வேலையை இது குறைக்கக்கூடும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்ந்து குழப்பம் விளைவித்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்ப்பது நல்லது. இந்திய ஜின்செங் என்று விற்கப்படும் தூள் வேறொன்றுமில்லை, எங்கள் அமுக்கிராக் கிழங்குதான். அது கத்தரிக் குடும்பம், ஜின்செங்குக்கு உறவே இல்லை. வீட்டுக்கு வந்து தவணைக்கு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஏற்கெனவே நுண்கடனுக்குத் தவணை கட்டுகிற எம் பெண்களிடம்தான் இதையும் கொண்டு வருகிறார்கள்.

கிளினிக் நாளன்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் நித்திரை குழம்பியது, வேறு ஏதும் குடித்தீர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றார் அக்கா. மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை. அவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. "நான்தான் கொடுத்தனான்" என்று சொன்னேன்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மருந்தைத் திடீரென நிறுத்தியதுதான் முதற்காரணம், இந்த வேரும் நித்திரையைக் குழப்பியிருக்கலாம் என்றார். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கவனம் நிற்காது, கவனம் நிற்காதபோது ஞாபகமும் பதியாது, சோர்வு குணமாகிவர அதுவும் பெரும்பாலும் திரும்பி வரும் என்று அக்காவுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"எனக்கு மறதி எண்டு சொல்லேலாது டொக்டர். அந்தக் கடைசி நாள் அவர் போட்டிருந்த சேட்டின்ர தெறி நிறம்கூட ஞாபகம் இருக்கு. கடன் கட்டுற நாள்தான் மறக்குது" என்றார் அக்கா. நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒருநாளும் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

போகிற போக்கில் டொக்டர் என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து இரத்தம் சோதிக்க எழுதித் தந்தார். ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாதாமாதம் அதிகமாக இரத்தம் போவதை வருடக்கணக்காகப் பொருட்படுத்தாமல் விட்டதன் விளைவு. களைப்பும் கவனக்குறைவும் அதனாலேயே வரக்கூடும். ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தந்த இரும்புச்சத்துக் குளிசையைக் குடித்தேன், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை விட்டேன். மூன்று மாதத்தில் பெயர்கள் திரும்பி வரத் தொடங்கின. எல்லாம் அல்ல.

அக்கா பழைய குளிசைக்குத் திரும்பி, நித்திரை சீராக நான்கைந்து வாரம் எடுத்தது. இப்போது கிளினிக்குக்கு மகளோடு போகிறார். வாங்கிலின் நடுவிலேயே இருப்பதாகச் சொன்னார். ஒருநாள் அந்தப் போத்தலைத் திருப்பித் தந்தார். கழுவிக் காய வைத்து, மிச்சம் இருந்த பதினொரு குளிசைகளைக் கடதாசியில் தனியாகச் சுற்றியிருந்தார்.

சின்னக்கா போன மாதமும் கேட்டா: "போத்தல் எப்பவோ முடிஞ்சிருக்குமே, இன்னொண்டு போடட்டே?" நடந்ததை அவவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து அளவு மாறிவிட்டது என்று சொன்னேன்.